பந்தி வஞ்சனை

பாஸ்கா காலம் 5-ஆம் ஞாயிறு மறையுரை, குத்துக்கல்வலசை



போன திருவிழா அசனத்தில் நான் பந்திக்குள் நடந்து வந்துகொண்டிருந்தேன். நம் தம்பி ஒருவன் கறிக்குழம்பு வாளியோடு எனக்கு முன்னால் பரிமாறிக்கொண்டே போனான். குழம்பு வாளியைப் பற்றி உங்களுக்குத் தெரியும். கறி எல்லாம் அடியில் கிடக்கும். மேலே எண்ணெயும் சாறும் மிதக்கும். தெரிந்த வீட்டுக்காரர் இலைக்கு முன்னால் அவன் குனிந்தபோது கரண்டி வாளியின் அடிவரை போய் வந்தது. அவ்வளவாகப் பழக்கமில்லாத முகம் என்றால் மேலோடு ஒரு கோதல். வேண்டுமென்றே செய்தான் என்று சொல்ல மாட்டேன். நல்ல பையன், விடியற்காலையிலிருந்து விறகு சுமந்தவன். யோசிக்காமலே அவன் கை ஆள் பார்த்தது. கடைசி வரிசையில் ஒரு பாட்டியின் இலையில் சாறு மட்டும் ஓடியது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சோற்றை அணை மாதிரி ஒதுக்கி, ஓடிய சாற்றைத் தடுத்து, பிசைந்து சாப்பிட்டார்.

இதற்கு நம் பெரியவர்கள் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: பந்தி வஞ்சனை. பந்திக்கே கூப்பிடாமல் விடுவது ஒரு பாவம். கூப்பிட்டு, இலையும் போட்டு, ஆளுக்கொரு மாதிரி பரிமாறுவது இன்னொரு பாவம். இரண்டாவதுதான் கண்ணுக்கு அகப்படாது. கேட்டால், "எல்லாரும் ஒரே பந்தியிலதானே சாமி சாப்பிட்டாங்க" என்று பதில் வரும்.

இன்றைய முதல் வாசகம் அந்தப் பாட்டியைப் பற்றியதுதான். எருசலேமில் திருச்சபை பிறந்து அதிக நாள் ஆகவில்லை. உள்ளதைப் பொதுவில் வைத்து, இல்லாதவர்களுக்குத் தினமும் பகிர்ந்து கொடுத்துவந்தார்கள். அங்கேயே, தூய ஆவியார் நெருப்பாக இறங்கிய அந்தச் சபையிலேயே, பந்தி வஞ்சனை நுழைந்துவிட்டது. எபிரேயம் பேசிய கைம்பெண்களுக்கு ஒழுங்காகக் கிடைத்தது. கிரேக்கம் பேசிய கைம்பெண்கள் விடுபட்டுப்போனார்கள். இரண்டு தரப்பும் யூதர்தான், இரண்டு தரப்பும் ஆண்டவரை ஏற்றுக்கொண்டவர்கள்தான். பேச்சு வேறு, பழக்கம் வேறு, அவ்வளவே.

திருத்தூதர்கள் செய்ததைக் கவனியுங்கள். முணுமுணுத்தவர்களைப் பார்த்து, சபையின் ஒற்றுமையைக் கெடுக்கிறீர்கள் என்று அவர்கள் சொல்லவில்லை. நாங்கள் ஆள் பார்ப்பதே இல்லை என்று மறுக்கவும் இல்லை. எல்லாரையும் கூட்டி, ஏழு பேரைத் தேர்ந்தெடுங்கள் என்றார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். கடைசியில் வரும் நிக்கொலா பிறப்பால் யூதர்கூட இல்லை. யூத மறையைத் தழுவிய அந்தியோக்கியாக்காரர். குறை சொன்ன தரப்பின் கையிலேயே கரண்டியைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் நான் இதை வாசிக்கிறேன். இனி எபிரேயம் பேசும் கைம்பெண்களுக்கும் இவர்கள்தான் பரிமாறுவார்கள். பேதுருவுக்கு அதில் பயம் இருந்ததாகத் தெரியவில்லை.

இதை இந்த மே மாதத்தில் ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், பிளஸ் டூ ரிசல்ட் வரும் நேரம் இது. பங்கு இல்லத்து வாசலில் செருப்புகள் கூடிவிட்டன. எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: நம் கல்லூரிகளில் பிள்ளைக்கு இடம், அதற்கு ஞானஸ்நானச் சான்றிதழ், கூடவே சாமியார் கையால் ஒரு சிபாரிசுக் கடிதம். பாவூர்சத்திரம், ஆலங்குளம் தாண்டி ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போனால் பாளையங்கோட்டை. அங்கே இயேசு சபையார் 1923-இல் தொடங்கிய தூய சவேரியார் கல்லூரி இருக்கிறது. தென்னிந்தியத் திருச்சபையின் சாராள் தக்கர் கல்லூரி 1895-லேயே பெண்களுக்கென்று வந்தது. அந்தச் சாராள் தக்கர் இங்கிலாந்தில் உடல் நலிந்து வீட்டோடு இருந்தவர். திருநெல்வேலி மண்ணில் கால் வைத்ததே இல்லை. இங்குள்ள பெண்கள் படிக்க வேண்டும் என்று அங்கிருந்தே எழுதி, கேட்டு, தவித்தார். அவர் இறந்த பிறகு அவர் பெயரால் இங்கே பள்ளி எழுந்தது. நடமாட முடியாத ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லித்தான் நம் பாட்டிமார் எழுத்துக்கூட்டினார்கள். கண் தெரியாத பிள்ளைகளுக்கு ஆஸ்க்வித் அம்மையாரும் காது கேளாத பிள்ளைகளுக்கு ஸ்வெயின்சன் அம்மையாரும் பள்ளி தொடங்கியது அதே பாளையங்கோட்டையில்தான். வேறு யாரும் இலை போடாத ஆட்களைத் தேடிப்போய் இலை போட்டதால்தான் நம் கல்விக்கூடங்களுக்கு மரியாதை வந்தது. தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் அதை நெஞ்சு நிமிர்த்திச் சொல்லலாம்.

ஆனால் கடிதத்துக்கு வருவோம். பத்து நாளாக என்னிடம் வந்தவர்கள் யார் என்று நேற்று இரவு எண்ணிப் பார்த்தேன். பங்குப் பேரவையில் இருப்பவர்கள் வந்தார்கள். ஆசிரியர் வீடுகளிலிருந்து வந்தார்கள். வெளிநாட்டில் பிள்ளை வேலை பார்க்கும் வீடுகளிலிருந்து வந்தார்கள். ஆலயத்தின் பின்பக்கத் தூண்களுக்கு அப்பால் தரையில் உட்காருகிற அம்மாமாரில் ஒருவர்கூட வரவில்லை. அவர்கள் வீட்டிலும் பிளஸ் டூ எழுதிய பிள்ளைகள் உண்டு. கேட்கலாம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

இந்த இடத்தில் உங்கள் முன் ஒரு பாவத்தை அறிக்கையிட வேண்டும். இளங்குருவாக இருந்த காலத்தில், ஒரு கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்தில் சில நாள்கள் உதவிக்கு உட்கார்ந்திருந்தேன். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். விண்ணப்பம் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். திங்கட்கிழமை காலையில் ஒரு தாயும் மகளும் வந்து நின்றார்கள். மஞ்சள் பைக்குள்ளிருந்து மதிப்பெண் பட்டியல், டி.சி., சாதிச் சான்றிதழ் எல்லாம் எடுத்து மேசையில் வைத்தார் அந்த அம்மா. தாள்களில் புகையிலை வாசனை அடித்தது. நம் ஊரில் பாதி வீடுகளில் அடிக்கிற அதே வாசனைதான். பீடி சுற்றுகிற வீடு. நான் காலண்டரைக் காட்டி, "கடைசி நாள் முடிஞ்சு போச்சும்மா. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றேன். அவர் சொன்ன பதில் இன்றும் காதில் இருக்கிறது: "சனிக்கிழமதான் சாமி கடையில கூலி போடுவாங்க. கூலி வாங்கினாத்தான் பஸ்ஸுக்குக் காசு."

வாக்குவாதம் எதுவும் செய்யவில்லை. தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கி, பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் பெண் பிள்ளையின் மதிப்பெண்ணை நான் பார்க்கவே இல்லை. பெயரையும் பார்க்கவில்லை. அன்று மதியமே தெரிந்த ஒருவர் ஃபோன் செய்தார், அவருடைய உறவுக்காரப் பையனின் விண்ணப்பம் தாமதமாக வந்தது, நான் வாங்கி வைத்தேன். இரண்டையும் செய்தது இந்தக் கைதான். காலையில் சட்டம் பேசிய வாய் மதியம் பேசவில்லை. என் கரண்டி அடிவரை போனது, தெரிந்த முகத்துக்கு.

எல்லாருக்கும் ஒரே சட்டம் என்பது கேட்க நியாயமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை என்பது மாதச் சம்பளக்காரருக்கு ஒரு நாள். சனிக்கிழமை கூலி வாங்குகிறவருக்கு அது எட்டாத நாள். அந்தக் கடைசி நாளை எழுதிவைத்த மேசையைச் சுற்றி இருந்தவர்களில் பீடிக்கடைக் கூலியை நம்பி வாழ்ந்தவர் ஒருவர் இருந்திருந்தால், திங்கட்கிழமை என்று எழுதியிருப்பார். திருத்தூதர்கள் கரண்டியைக் கைமாற்றியதன் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கத் தொடங்கியது.

பிரியமானவர்களே, நம் வரலாற்றில் இதைவிடக் கனமான ஒன்று இருக்கிறது. நம் மண்ணின் மறைசாட்சி புனித தேவசகாயம் 1745-இல் ஞானஸ்நானம் பெற்றது வடக்கன்குளத்தில். எல்லாச் சாதி மக்களோடும் ஒன்றாகப் பழகினார், ஒன்றாக உண்டார் என்பது அவருக்கு எதிரான கோபத்தை வளர்த்தது. 1752-இல் காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றார்கள். அப்பேர்ப்பட்டவரின் ஞானஸ்நான ஊரில், பின்னாளில் எழுந்த ஆலயத்துக்குள்ளே சாதிக்கு ஒரு பக்கம் என்று பிரித்துச் சுவர் நின்றது. ஒரே பீடம், ஒரே நற்கருணை, நடுவில் சுவர். கௌசானல் அடிகளார் காலத்தில், 1910-இல், அது இடிக்கப்பட்டது. சுவர் வேண்டும் என்றவர்கள் சும்மா இருக்கவில்லை. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம்வரை போனது, அங்கே தோற்றார்கள். 2022 மே 15 அன்று ரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தபோது, பெயருக்குப் பின்னால் ஒட்டியிருந்த சாதிப் பட்டம் இல்லை. தேவசகாயம், அவ்வளவுதான்.

கல் சுவர் போய் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. நான் இங்கே நற்கருணை கொடுக்கும்போது இளைஞர்கள் கை நீட்டுகிறார்கள். இடது உள்ளங்கை மேலே, வலது கை கீழே, நாம் கற்றுக்கொடுத்தபடி. அப்போது மணிக்கட்டு தெரிகிறது. அதில் கயிறு தெரிகிறது. எந்த நிறம் எந்தச் சாதி என்று நான் இங்கே சொல்ல வேண்டியதில்லை, ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரிந்திருக்கிறது. "கிறிஸ்துவின் திருவுடல்" என்கிறேன், "ஆமென்" என்கிறான், நான் வைக்கிற அப்பத்துக்கு ஒரு விரல்கடை தள்ளி அந்தக் கயிறு. அந்த ஒரு விரல்கடையில் வடக்கன்குளத்துச் சுவர் நிற்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரை, உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கையில், பள்ளிகளில் இந்தக் கயிறுகளைத் தடுக்க வேண்டும் என்று சொன்னது. நம் மாவட்டத்துப் பாஞ்சாகுளத்தில் 2022-இல் பெட்டிக்கடைக்கு மிட்டாய் வாங்கப் போன தலித் பிள்ளைகளை, ஊர்க் கட்டுப்பாடு, கொடுக்க மாட்டோம் என்று திருப்பி அனுப்பியதை நீங்கள் எல்லாரும் வீடியோவில் பார்த்தீர்கள். அந்த வயதுப் பிள்ளைகள்தான் வளர்ந்து கல்லூரி விடுதிக்குப் போகிறார்கள். திருப்பி அனுப்பியவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் அதே விடுதிக்குத்தான் போவார்கள்.

நம் கல்லூரிகள் அவர்களை எப்படி ஏற்கப்போகின்றன?

சட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்கிறேன், பெற்றோருக்குத் தெரிந்திருப்பது நல்லது. அரசியல் சட்டத்தின் 30(1) பிரிவு, சிறுபான்மையினர் தங்கள் கல்வி நிறுவனங்களைத் தொடங்கி நடத்தும் உரிமையைக் கொடுக்கிறது. 2005-ஆம் ஆண்டின் 93-ஆவது திருத்தச் சட்டத்தால் வந்த 15(5) பிரிவு, தனியார் கல்வி நிறுவனங்களிலும் இட ஒதுக்கீடு கொண்டுவர அரசுக்கு வழி செய்தது. ஆனால் சிறுபான்மையினர் நிறுவனங்களுக்கு விலக்கு அளித்தது. இது பெரிய பாதுகாப்பு. அதை நாம் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனால் அதே பாதுகாப்பு ஒரு பெரிய சோதனையும்கூட. மற்றவர்களைச் சட்டம் கட்டாயப்படுத்தும் இடத்தில் நம்மை நம் மனசாட்சியிடம் விட்டிருக்கிறது.

அந்த மனசாட்சிக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் என்று நிறுத்தியது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் அது விரிந்தது. தலித் கிறிஸ்தவருக்கு வரவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் நிற்கிறார்கள். ஒவ்வோர் ஆகஸ்ட் 10-ஐயும் கறுப்பு நாளாக அனுசரிக்கிறோம், கறுப்புக் கொடி பிடிக்கிறோம், நானும் பிடித்திருக்கிறேன். அரசிடம் கேட்கும் நியாயத்தை நம் சொந்தக் கல்லூரியின் வாசலில் நாமே கொடுத்தோமா? தமிழகக் கத்தோலிக்கரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தலித் மக்கள். தமிழக ஆயர்கள் 1990-இல் அவர்கள் மேம்பாட்டுக்காக 10 அம்சத் திட்டம் ஒன்றை வெளியிட்டார்கள். இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மேம்பாட்டுக்கென்று ஒரு கொள்கையையே வகுத்து, திருச்சபைக்குள் சாதி இருப்பதை ஒப்புக்கொண்டது. கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களைப் பற்றி இரண்டாம் யோவான் பவுல் 1990-இல் எழுதிய ஆவணமும் ஏழைகளுக்கும் காலங்காலமாகப் படிப்பு மறுக்கப்பட்டவர்களுக்கும் கதவு திறக்கும்படி கேட்கிறது. ஆவணங்களுக்குக் குறைவில்லை, சகோதரர்களே. அந்த அம்மா மேசையில் வைத்த தாள்களும் குறைவில்லாமல்தான் இருந்தன.

இடம் கிடைத்த பிறகும் கதை முடிவதில்லை. எருசலேமில் கைம்பெண்கள் விடுபட்டது மொழியால் என்று சொன்னேன். நம் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து நல்ல மதிப்பெண் வாங்கிய பெண், முதலாண்டு வகுப்பில் போய் உட்காருகிறாள். விரிவுரை முழுக்க ஆங்கிலம். வீட்டுக்கு வந்தபோது ஒரு பிள்ளை என்னிடம் தன் நோட்டைக் காட்டினாள். கேட்டதைக் கேட்டபடி தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தாள், பொருள் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. பக்கம் பக்கமாகத் தமிழ் எழுத்தில் ஆங்கிலம். "வகுப்புல சந்தேகம் கேட்டியா மக்கா?" என்றேன். "வாயத் தொறந்தா சிரிப்பாங்க ஃபாதர்." அவளுக்கு இலை போட்டாயிற்று, கரண்டி மேலோடு கோதிக்கொண்டிருக்கிறது. மாலையில் ஒரு மணி நேரம் அவளோடு உட்கார்ந்து பாடத்தைத் தமிழில் விளக்க ஓர் ஆசிரியர் கிடைத்தால் போதும். சில கல்லூரிகளில் அப்படிச் செய்கிறார்கள், அந்த ஆசிரியர்களை ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும். ஆனால் அதைச் சலுகை என்கிற பேச்சு வருகிறது, எனக்கு அது பொறுக்கவில்லை. வாளியின் அடியில் கிடப்பது அந்தப் பிள்ளைக்கும் சேர்த்துச் சமைத்ததுதானே?

சிலர் உண்மையான கவலையோடு என்னிடம் கேட்கிறார்கள்: "எல்லாரையும் சேர்த்துக்கொண்டே போனால் நம் கல்லூரி கிறிஸ்தவக் கல்லூரியாக இருக்குமா? இந்துப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள், அவர்களுக்கு ஏற்றபடி நாம் மாறிக்கொண்டே போனால் நம் விசுவாசம் என்னாவது?" இந்தக் கவலையை நான் தள்ளிவிடவில்லை. கல்லூரியில் திருப்பலி நடக்க வேண்டும், சிலுவை சுவரில் இருக்க வேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மற்றப் பிள்ளைகளின் மனசாட்சியை நெருக்காமலே அதைச் செய்யலாம்.

ஆனால் குற்றாலத்தைப் பாருங்கள். திருக்குற்றாலநாதர் கோயில் 1964-இல் தொடங்கிய ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரியில் நம் கிறிஸ்தவப் பெண்கள் படித்திருக்கிறார்கள். இந்த ஆலயத்தில் வாசகம் வாசிப்பவர்களிலும் அங்கே படித்தவர் உண்டு. அவர்களை அங்கே யாரும் மதம் மாறச் சொல்லவில்லை. கோயிலும் கோயிலாகவே இருக்கிறது. பாளையங்கோட்டையில் முஸ்லிம் சகோதரர்கள் நடத்தும் சதக்கத்துல்லா அப்பா கல்லூரியிலும் எல்லா மதப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். நம் பெண்கள் அங்கே போய் விசுவாசத்தை இழந்து வரவில்லை. நம் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளால் நம் விசுவாசம் கரைந்துவிடுமென்றால், அது எவ்வளவு மெலிந்த விசுவாசம்!

முதல் வாசகத்தின் கடைசி வரியை அவசரத்தில் விட்டுவிடாதீர்கள். ஏழு பேரை நியமித்த பிறகு என்ன நடந்தது என்று லூக்கா எழுதுகிறார். சபை சுருங்கவில்லை. இறைவார்த்தை பரவியது, சீடர் தொகை பெருகியது, யூதக் குருக்களே பலர் வந்து சேர்ந்தார்கள். பந்தி சீரான பிறகுதான் குருக்கள் உள்ளே வந்தார்கள் என்பதை ஒரு குருவாக நான் நடுக்கத்தோடு வாசிக்கிறேன்.

கரண்டி பிடித்த ஏழு பேரில் ஒருவரான பிலிப்பு அதோடு நிற்கவில்லை. இரண்டு அதிகாரம் தள்ளிப் பாருங்கள். காசா போகும் பாலைவனச் சாலையில் எத்தியோப்பிய அதிகாரி ஒருவரைச் சந்திக்கிறார். அவர் அண்ணகர். பழைய சட்டப்படி ஆண்டவரின் சபைக்குள் வர அவருக்கு அனுமதி இல்லை. எருசலேம்வரை போய் வணங்கிவிட்டு, தேரில் ஏசாயாவை வாசித்துக்கொண்டே திரும்பிக்கொண்டிருந்தார். இதோ தண்ணீர் இருக்கிறது, எனக்கு என்ன தடை என்று கேட்டார். பிலிப்பு தடை எதையும் தேடவில்லை, தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். நம் கல்லூரி வாசலில் நாளை ஒரு திருநங்கைப் பிள்ளை விண்ணப்பத்தோடு வந்து நின்றால், எந்தக் கழிப்பறை, எந்த விடுதி என்று ஆயிரம் நடைமுறைக் கேள்விகள் வரும். அவற்றுக்கு உட்கார்ந்து பதில் தேடலாம். வாசலில் நிற்க வைத்துக்கொண்டே தேடக் கூடாது. விடுபட்ட அனுபவம் உள்ள பிலிப்புதான் விடுபட்டவரைச் சீக்கிரம் அடையாளம் கண்டார் என்பதை நான் இங்கே கவனிக்கிறேன்.

அதனால்தான் நம் கல்லூரிகளைப் பற்றிக் கேட்கும்போது, எத்தனை பிள்ளைகளைச் சேர்த்தீர்கள் என்பதோடு நிறுத்திக்கொள்ள என்னால் முடியவில்லை. ஆசிரியர் அறையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், நேர்காணல் மேசைக்கு அந்தப்பக்கம் யார், ஆட்சிக் குழுவில் யார், விடுதிக் காப்பாளர் யார். நியமன உரிமை நம் கையில் இருக்கிறது. தலித் குருக்களும் துறவியரும் பேராசிரியர்களும் நம்மிடம் இல்லாமலா போய்விட்டார்கள்? இலையை நீட்டுகிற இடத்திலேயே ஒரு மக்களை நூறு ஆண்டுகள் உட்கார வைத்துவிட்டு, வயிறு நிறைந்ததா என்று அன்போடு விசாரித்தால் போதாது.

இரண்டாம் வாசகத்தில் பேதுரு நம்மை உயிருள்ள கற்கள் என்கிறார். கட்டுகிறவர்கள் வேண்டாம் என்று தள்ளிய கல்தான் மூலைக்கல் ஆனது என்றும் நினைவூட்டுகிறார். நம் ஊர்ப் பெயரில் கல் இருக்கிறது. விருந்தாளி வந்து நிற்கும்போது நகராமல் உட்கார்ந்திருக்கிற பையனை அம்மாமார் எப்படிக் கண்டிப்பார்கள்? "குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கான் பாரு" என்று. உயிருள்ள கல் என்றால் நகர்ந்து இடம் கொடுக்கிற கல் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். பெயரின் மற்றப் பாதி வலசை. பிழைப்புத் தேடி இடம் விட்டு இடம் வந்தவர்கள் தங்கிய ஊருக்கு அந்தப் பெயர். கணக்கப்பிள்ளைவலசை மாதிரி தென்காசிப் பக்கம் இன்னும் ஊர்கள் உண்டு. மூட்டையோடு வந்து நின்ற யாருக்கோ யாரோ நகர்ந்து இடம் கொடுத்ததால்தான் இந்த ஊர் இருக்கிறது. தந்தையின் வீட்டில் இடத்துக்குப் பஞ்சமில்லை என்று நற்செய்தியில் இயேசு சொன்னதும் கலங்கிப்போய் நின்றவர்களிடம்தான்.

இனி நாம் செய்யப்போவது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். பெரிய கல்லூரிகளை இங்கிருந்தே திருத்த முடியாது. இந்தப் பங்கின் சிபாரிசுக் கடிதம் நம் கையில் இருக்கிறது. இந்த வாரத்திலிருந்து, யாருக்குக் கடிதம் என்பதை நான் தனியாக முடிவு செய்யப்போவதில்லை. ஏழு பேர் வேண்டும். பங்குப் பேரவையில் ஏற்கெனவே இருப்பவர்கள் இதில் வேண்டாம், அவர்கள் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. பின்வரிசையில், தரையில் உட்காருகிறவர்களிலிருந்து ஏழு பேர், அதில் நான்கு பேராவது பெண்கள். பிளஸ் டூ எழுதிய பிள்ளை எந்தெந்த வீட்டில் இருக்கிறது என்று அவர்கள் வீடு வீடாகப் போய்க் கேட்பார்கள், கிறிஸ்தவ வீடு மட்டும் என்று பார்க்க வேண்டாம். ஞானஸ்நானச் சான்றிதழுக்குக் காணிக்கை எதுவும் கிடையாது. விண்ணப்பத்துக்கும் பஸ்ஸுக்கும் பணம் இல்லாத வீட்டுக்குப் பங்கின் உண்டியலிலிருந்து கொடுப்போம், கடனாக அல்ல. ஆன்லைன் விண்ணப்பம் போட நம் இளைஞர்களில் கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் தினமும் மாலை 6 மணிக்குப் பங்கு இல்லத்தில் இருங்கள். வரும்போது கையில் கயிறு இருந்தால், வாசலிலேயே கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே வாருங்கள் தம்பிகளே. ஏன் கட்டினாய் என்று கேட்க மாட்டேன்.

அடுத்த திருவிழா அசனத்தில் குழம்பு வாளி அந்த ஏழு பேர் கையில் இருக்கட்டும். அந்த ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கத்தான் திருப்பலி முடிந்ததும் வேப்பமரத்தடியில் கூடுகிறோம். பாய் விரித்திருக்கிறது. நானும் பாயில்தான் உட்காருவேன். பின்னால் இருக்கிற அம்மாமாரே, நீங்கள் அவசியம் வர வேண்டும். நனைத்து வைத்த பீடி இலை காய்ந்துவிடுமே, நாளைக்குக் கடையில் எண்ணிக்கை குறையுமே என்று நினைப்பீர்கள், எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போய் முறத்தை எடுத்துக்கொண்டே வந்துவிடுங்கள். மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டே பேசலாம்.

எழுந்து நிற்போம்.